ஒன்பதாம் எண்காரி

பிப்ரவரி 1

வலது காலில் முட்டிக்குக் கீழே மாவுக்கட்டு. இன்றோடு பதினெட்டு நாள். இருபத்தாறு வருடம் ஓடும் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன், நின்ற ரயிலிலிருந்து இறங்கும்போது விழுந்தேன். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

வீட்டில் சும்மா இருந்தால் தன் அம்மாவைப் பிடுங்கி எடுத்துவிடுவேன் என்று பூனாவில் இருக்கும் மகள் நிவேதிதா என்னை ஒரு வாசகர் வட்டத்தின் கதைப் போட்டியில் சேர்த்துவிட்டாள். பிப்ரவரி முழுவதும் நாளுக்கு ஒரு கதை, நூற்றைம்பது சொல்லுக்குள். ஒருங்கிணைப்பாளர் சந்தனகுமார் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் தலைப்பு அனுப்புவார். இரவு எட்டுக்குள் கதை அவருக்குப் போய்ச் சேர வேண்டும். மறுநாள் காலையில் எல்லாக் கதைகளையும் குழுவில் போடுவார், பெயர் இல்லாமல், எண் மட்டும் போட்டு. யார் எந்த எண் என்பது இருபத்தெட்டாம் தேதி மாலைதான் தெரியும். மொத்தம் இருபத்திரண்டு பேர். நான் பதினான்கு.

இன்றைய தலைப்பு 'கதவு'. ரயில் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் டிக்கெட் இல்லாமல் ஒளிந்திருந்தவனை எழுதினேன். கடைசி வரியில் அவனைப் பிடித்துவிட்டேன்.

கதைக்குத் தனி நோட்டு. இது வேறு நோட்டு. இதை யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதலாம்.

பிப்ரவரி 2

என் மனைவி வடிவு காலை டியூட்டிக்குப் போகுமுன் என் நாற்காலிக்குப் பக்கத்தில் அரைக் கிலோ சின்ன வெங்காயத்தையும் ஒரு முறத்தையும் வைத்துவிட்டுப் போனாள். உட்கார்ந்து செய்கிற வேலையெல்லாம் இனி என் பொறுப்பாம். வெங்காயம் அரைக் கிலோ, கதை நூற்றைம்பது சொல். வெங்காயம்தான் கஷ்டம்.

பிப்ரவரி 4

நேற்றைய தலைப்பு 'தம்ளர்'. இன்று காலை காப்பி குடித்துக்கொண்டே மற்றவர்களின் கதைகளைப் படித்தேன். ஒன்பதாம் எண் எழுதியிருப்பது ஒரு மனைவியைப் பற்றி. அவள் கணவன் காப்பி குடித்து முடித்ததும் தம்ளரை மேஜையில் இரண்டு தடவை தட்டி வைப்பான். சத்தம் கேட்டதும் அவள் அடுப்படியிலிருந்து வந்து எடுத்துப் போவாள். அவள் ஊருக்குப் போயிருந்த அன்றைக்கும் அவன் தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தானாம். கதை அவ்வளவுதான்.

படித்து முடித்தேன், தம்ளரை இரண்டு தடவை தட்டினேன், வடிவு வந்து எடுத்துப் போனாள். எனக்கு வியர்த்துவிட்டது.

நான் தம்ளரைத் தட்டுவது வேறு யாருக்குத் தெரியும்? மகளுக்குத் தெரியும், ஆனால் அவளுக்குத் தமிழில் மளிகைச் சீட்டு எழுதுவதற்குள் பத்து பிழை வரும். மீதி இருப்பது வடிவுதான். அவளோ இருபத்தேழு வருடத்தில் மருந்துப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைத் தவிர எதையும் ஊன்றிப் படித்து நான் பார்த்ததில்லை. அரசு மருத்துவமனையில் செவிலியர். வார்டு உண்டு, வீடு உண்டு என்று இருப்பவள். அப்படிப்பட்டவர்களைத்தான் கவனிக்க வேண்டும்.

டிக்கெட் இல்லாதவன் பரிசோதகரைப் பார்க்க மாட்டான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். வடிவு இன்று மாலை பூராவும் ஜன்னல் பக்கமே பார்த்தாள். அங்கே துணி காய்ந்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 7

டிவியில் கிரிக்கெட் தேடப் போய் குளிர்கால ஒலிம்பிக்கில் மாட்டிக்கொண்டேன். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பிக்கிறது. பாளையங்கோட்டையில் வெளியே கண் கூசுகிற வெயில், உள்ளே டிவி முழுக்கப் பனி. காலில் பலகையைக் கட்டிக்கொண்டு மலை உச்சியிலிருந்து குதிக்கிறார்கள், ஒருவனுக்கும் கால் உடையவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதைவிட ஒரு விளையாட்டு. கர்லிங் என்று பெயர். ஆட்டுக்கல் குழவி கனத்துக்குக் கைப்பிடி வைத்த ஒரு கல்லைப் பனித்தரையில் தள்ளிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தை வைத்து விறுவிறுவென்று தேய்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். தேய்த்தால் கல் தூரம் போகுமாம். கல்லைத் தள்ளியவர் நின்ற இடத்தில் நின்று கத்துகிறார். இரண்டரை மணி நேரம் அசையாமல் பார்த்தேன். அவரைக்காய் நறுக்கச் சொல்லியிருந்தாள், மறந்துபோனேன்.

வடிவு வந்து டிவியையும் அவரைக்காயையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். முன்பெல்லாம் ஏதாவது சொல்வாள்.

பிப்ரவரி 9

ஒன்பதாம் எண்காரி மறுபடியும். நேற்றைய தலைப்பு 'மணி'. போன் மணி அடித்தால் "யாரு?" என்று கேட்கும் கணவன். அவள் பேசி முடிப்பதற்குள் மூன்று தடவை கேட்பான். யார் என்று அவள் சொன்ன பிறகு அதைக் காதில் வாங்க மாட்டான்.

நான் கேட்பதுண்டுதான். வீட்டுக்கு யார் போன் செய்கிறார்கள் என்று குடும்பத் தலைவன் தெரிந்துகொள்ள வேண்டாமா. அதை ஊருக்கெல்லாம் எழுத வேண்டுமா.

இன்று வடிவின் போன் நாலு தடவை அடித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்காமல் இருந்தேன். நாலாவது தடவை அவளே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிப்ரவரி 10

நேற்றைய தலைப்பு 'கடிதம்'. ஒன்பதாம் எண்ணின் கதையில் மனைவி ஒரு கடிதத்தைக் கணவனிடம் காட்டாமல் வைத்திருக்கிறாள். எங்கே என்றால், அவன் கை ஒருநாளும் படாத இடத்தில், அரிசிக்குள்.

அவள் டியூட்டிக்குப் போனதும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அரிசி எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே நேரமானது. நீல நிற டிரம். முழங்கை வரை விட்டுத் துழாவினேன். உளுந்து, துவரம்பருப்பு, வற்றல் டப்பா எல்லாம் பார்த்தேன். கடுகு கொட்டிவிட்டது. ஒற்றைக் காலில் குனிந்து கடுகு பொறுக்குகிறவனைப் பார்த்தால் எதிரிகூடப் பரிதாபப்படுவான்.

கடிதம் இல்லை. சந்தேகம் தீர்ந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் புத்திசாலி எவளாவது ஒளித்த இடத்தைக் கதையில் எழுதுவாளா? அந்த இடத்தைத் தவிர வேறு எங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

பிப்ரவரி 11

இருந்தது.

துணி மடிக்கும் வேலை எனக்கு வந்து ஒரு வாரமாகிறது. மடித்த சீருடையை அடுக்க அவளுடைய பீரோத் தட்டைத் திறந்தேன். அடியில் பழுப்பு உறை. செவிலியர் கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு. காலியிடம் ஊட்டியில். சம்மதமா இல்லையா என்று இருபத்தேழாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரு முறை மறுத்திருப்பதால் இம்முறையும் மறுத்தால் இனி பெயர் பரிசீலிக்கப்படாது என்று போட்டிருந்தது. தேதியைப் பார்த்தேன். உறை வந்து மூன்று வாரம் ஆகிறது.

முந்தைய இரு முறையும் அவளாகத்தான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதல் தடவை மூன்று நாள் நான் வீட்டில் சாப்பிடவில்லை, அது வயிற்றுக் கோளாறு. இரண்டாம் தடவை எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, அதை அளந்து பார்த்ததே அவள்தான்.

உறையை இருந்த மாதிரியே வைத்தேன். இன்றைய கதை எழுதவில்லை. சந்தனகுமார் இரண்டு தடவை நினைவூட்டினார்.

பிப்ரவரி 13

நான் அவளிடம் கேட்கப் போவதில்லை. டிக்கெட் இல்லாதவன் முன்னால் ஒன்றும் பேசாமல் நின்றால் போதும், அவனே ஆரம்பித்துவிடுவான். இரண்டு நாளாக வடிவின் முன்னால் அப்படி இருந்து பார்க்கிறேன். நேற்று, பசிக்கிறதா என்று கேட்டாள். இன்று, கட்டுக்குள் அரிக்கிறதா என்று கேட்டு ஒரு பின்னல் ஊசி கொடுத்தாள்.

நேற்றைய தலைப்பு 'பெட்டி'. கோபித்துக்கொண்டு பெட்டியோடு புறப்பட்ட ஒரு பெண் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வருவதாக எழுதினேன். அவளுக்கு உறைக்கட்டும் என்றுதான். இன்று காலை ஒன்பதாம் எண்ணின் கதை வந்திருக்கிறது. இருபத்தேழு வருடம் மனதுக்குள்ளேயே பெட்டி அடுக்கிய ஒருத்தி. ஒவ்வொரு தடவையும் அவள் கணவனுடைய வேட்டியைத்தான் முதலில் மடித்து வைப்பாளாம், அதனால் பெட்டியில் இடம் போதாமல் போய்விடுமாம்.

இருபத்தேழு. கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்க முடியவில்லை, கண்ணில் ஏதோ பிரச்சினை.

பிப்ரவரி 14

காலையில் அவள் எழுவதற்கு முன் வாக்கரைப் பிடித்து நின்று நானே இருவருக்கும் காப்பி போட்டேன். டிகாஷன் தண்ணியாகிவிட்டது. குடித்து முடித்து, தம்ளரைச் சத்தமில்லாமல் எடுத்துப்போய்க் கழுவி வைத்தேன். வடிவு அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. வார்டில் புதிதாக வந்த நோயாளியைப் பார்ப்பதுபோல் தலை முதல் கால்வரை பார்த்தாள்.

மதியம் பனியில் ஜோடி நடனம். அவன் அவளைத் தூக்கி எறிகிறான், அவள் ஒற்றைக் காலில் இறங்கிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

பிப்ரவரி 15

என் மாத்திரைகளை யாரோ எண்ணுகிறார்கள். மாத்திரை அட்டை நான் வைத்த இடத்தில் இல்லை. மதியம் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது வடிவு வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். நான் தூங்குவதுபோல் இருந்தேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய் நிவேதிதாவுக்குப் போன் செய்து மெதுவான குரலில் பேசினாள். பழக்கத்தில் "யாரு?" என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

அம்மாவும் மகளும் சேர்ந்து ஏதோ முடிவெடுக்கிறார்கள். என்னை எங்கே விட்டுவிட்டுப் போவது என்று பேசுகிறார்களா?

பிப்ரவரி 17

வடிவுக்கு வார விடுமுறை. இத்தனை நாளில் முதல் தடவையாக என் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். மடியில் முருங்கைக்கீரை. நானும் ஒரு கட்டு ஆய்ந்தேன்.

பெண்கள் கர்லிங். முக்கியமான கட்டம். துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டு வந்த சிவப்புச் சட்டைக்காரி திடீரென்று நின்று கையைத் தூக்கினாள். அவளுடைய துடைப்பம் ஓடுகிற கல்லில் லேசாகப் பட்டுவிட்டதாம். நடுவர் ஊதவில்லை, எதிர் அணி கேட்கவில்லை. இந்த விளையாட்டில் பட்டவர்தான் சொல்ல வேண்டும் என்று வர்ணனையாளர் சொன்னார். கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள், அந்தக் கல் வீண்.

என்னால் நம்ப முடியவில்லை. என் அனுபவத்தில் கையில் பிடித்த பிறகும் ஒத்துக்கொள்ளாதவர்கள்தான் அதிகம். யாருமே பார்க்காததை அவள் எதற்காகச் சொன்னாள் என்று கேட்டேன்.

"தொட்டது அவளுக்குத் தெரியும்லா" என்றாள் வடிவு.

கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். அவள் என்னைத்தான் சொல்கிறாளா, உறையை எடுத்துப் பார்த்தது தெரிந்துவிட்டதா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. நானே சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது, அவள் எழுந்து உலை வைக்கப் போனாள்.

பிப்ரவரி 19

நேற்றைய தலைப்பு 'பசி'. கோபித்துக்கொண்டு மூன்று நாள் வீட்டில் சாப்பிடாமல் இருக்கும் ஒருவன், ரயில்வே கேண்டீனில் பரோட்டாவும் சால்னாவும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்து வாடிய முகத்தோடு படுத்துக்கொள்வதாக எழுதினேன். மனைவி பயந்துபோய், கைக்கு வந்த வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறாள். கதைதானே.

காலை குழுவைத் திறந்தால் ஒன்பதாம் எண்ணின் 'பசி'. கோபத்தில் சாப்பிடாத கணவனுக்காகத் தானும் சாப்பிடாமல் இருக்கும் மனைவி. இரண்டாம் நாள் அவன் சட்டையைத் துவைக்க எடுக்கிறாள், ஓட்டல் சால்னா வாசம். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் அவனுக்குப் பயந்தவள் மாதிரியே இருந்தாள், அவன் தோற்றுவிடக் கூடாதே என்று.

இரண்டு கதையும் ஒரே இரவில் எழுதப்பட்டவை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியிருக்க முடியாது. இனி எனக்குச் சந்தேகம் இல்லை. ஒன்பதாம் எண் வடிவுதான்.

அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

பிப்ரவரி 20

நிவேதிதாவிடம் சொல்லி ஒரு கம்பளி ஸ்வெட்டருக்கு ஆர்டர் போட்டேன், பெண்கள் அளவு. யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா அப்பா என்று மட்டும் கேட்டாள். எல்லாரும் இப்போது இதையே கேட்கிறார்கள்.

வடிவு போன் பேசும்போது வேறு அறைக்குப் போய்விடுகிறேன். சட்னி அரைத்தேன். வாஷிங் மெஷினில் எந்தப் பொத்தான் எதற்கு என்று கற்றுக்கொண்டேன். இரவுச் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 22

குளிர்கால ஒலிம்பிக் இன்றோடு முடிகிறது. நாளையிலிருந்து மதியத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஸ்வெட்டர் வந்தது. அவள் வீட்டில் இருக்கும்போதே வந்து தொலைத்தது. யாருக்கு என்றாள். எனக்குத்தான், காலில் குளிர் ஏறுகிறது என்றேன். வெளியே முப்பத்து நாலு டிகிரி. அவள் புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பிப்ரவரி 25

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது. மெதுவாக ஊன்றலாம் என்றார் டாக்டர்.

நான் வெளியே உட்கார்ந்திருந்தபோது வடிவு டாக்டரிடம் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் பேசினாள். அதன்பிறகு என்னிடம் ரத்தம் எடுத்தார்கள், இசிஜி எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். உடைந்த காலுக்கு நெஞ்சில் என்ன பார்க்கிறார்கள்? கேட்டால் சும்மாதான் என்கிறாள். விட்டுவிட்டுப் போகிறவள் பொருளை ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 26

பீரோவில் உறை இல்லை.

பிப்ரவரி 27

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை டியூட்டி முடிந்து இரண்டு மணிக்கு வந்தாள். கைப்பையை மேஜையில் வைத்தாள், பழுப்பு உறை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாப்பிடவில்லை. என் எதிரே உட்கார்ந்து, ரிப்போர்ட் எல்லாம் வந்துவிட்டது, ஒன்றும் இல்லை என்றாள்.

"அப்போ வேற எங்கேயோ டாக்டரப் பாத்திருக்கிய. எங்கிட்ட எதை மறைக்கிய?"

நான் ஒன்றையும் மறைக்கவில்லை என்றேன். அவள் விடவில்லை. வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்தவள் அவள். வயதான ஆண் திடீரென்று நல்லவனாகி, பொண்டாட்டிக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அவன் தனக்கு வந்திருக்கும் சீக்கை மறைக்கிறான் என்று அர்த்தம். மாத்திரையை எண்ணியது அதற்குத்தான். இந்தத் தடவை யார் என்ன சொன்னாலும் ஊட்டிக்குப் போவது என்று ஜனவரியிலேயே முடிவு செய்திருந்தாளாம். என் கால் கட்டைப் பிரித்தபிறகு சொல்லலாம் என்று இருந்தாளாம். இப்போதோ, வேண்டாம் என்று எழுதி உறைக்குள் வைத்துவிட்டாள். நாலு மணிக்குப் போய்க் கொடுக்க வேண்டும்.

"இந்த நெலமையில ஒங்கள விட்டுட்டு எப்படிப் போவேன்" என்றாள்.

அவளைப் போகவிட வேண்டும் என்று நான் செய்த ஒவ்வொன்றும் அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

எல்லாவற்றையும் சொன்னேன். உறையைப் பார்த்தது, அரிசி டிரம், கடுகு, பரோட்டா. உன் கதைகளைப் படித்துத்தான் எனக்குப் புத்தி வந்தது, நீதான் ஒன்பதாம் எண் என்று எனக்குத் தெரியும் என்றேன்.

எந்த ஒன்பது என்று கேட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் முகம் பார்த்துப் பிழைத்தவன் நான். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் எந்தப் போட்டியிலும் இல்லை.

போனைக் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் நாளிலிருந்து ஒன்பதாம் எண்ணை மட்டும் தேடித் தேடிப் படித்தாள். முக்கால் மணி நேரம். ஒரு இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தாள். நான் கடிகாரத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றேகால் ஆகிவிட்டது.

"இத நா எழுதல. ஆனா இதுல பொய்யின்னு ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

பிறகு, "கடைசில இவ போனாளா, இல்லையா?" என்று கேட்டாள். கடைசிக் கதை இனிமேல்தான் எழுத வேண்டும், அது நாளை மறுநாள்தான் குழுவில் வரும் என்றேன்.

"அது வர எனக்கு நேரம் இல்ல. அஞ்சு மணிதான் கடைசி. ஒங்க வாயால சொல்லுங்க."

இருபத்தைந்து கதை எழுதியிருக்கிறேன். ஒரு சொல் வரவில்லை. அவள் இல்லாத அடுப்படியும் கூடமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. பயமாக இருந்தது, அதை மறைக்கவும் முடியவில்லை. போ வடிவு, எனக்கு ஒரு சீக்கும் இல்லை, போய்ச் சேர்ந்துகொள் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

உறையில் இருந்ததை எடுத்து நாலாகக் கிழித்தாள். என் கதை நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து, சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆட்டோ வரை ஊன்றுகோலோடு போனேன். ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கொடுத்துவிட்டதாகப் போன் செய்தாள்.

இன்றைய கதை அனுப்பவில்லை.

பிப்ரவரி 28

மாலை ஆறு மணிக்கு எல்லாரும் வீடியோவில் கூடினோம். சந்தனகுமார் ஒவ்வொரு எண்ணாகப் பெயர் சொன்னார். என்னை, நல்ல துப்பறியும் கதைகள் என்று பாராட்டினார். நான் எழுதியது ஒன்றுகூடத் துப்பறியும் கதை இல்லை.

ஒன்பதாம் எண்காரி ஒரு ஆண். தருமபுரியிலிருந்து ஞானப்பிரகாசம் என்கிற ஓய்வுபெற்ற வேளாண்மை அதிகாரி. எழுபது வயது இருக்கும். மனைவி இறந்து இரண்டு வருடமாகிறதாம். அவருக்கும் மனைவிக்கும் இருபத்தேழு வருட வாழ்க்கைதானா என்று கேட்க நினைத்தேன். நாற்பது வருடம் என்று அவரே சொன்னார். அவர் மனைவி வேலையில் சேர்ந்து இருபத்தேழாம் வருடம் அந்த வேலையை விட்டாளாம். "நான்தான் விடச் சொன்னேன். அவ சொல்லாமப் போனதையெல்லாம் நானே எழுதிப் பாத்தேன்" என்றார். கேமராவை அணைத்துவிட்டார்.

தம்ளரைத் தட்டுவது, யாரு என்று கேட்பது, சாப்பிடாமல் படுத்துக்கொள்வது எல்லாம் எனக்கு மட்டுமே உரிய குணங்கள் என்று ஒரு மாதமாக நினைத்திருந்தேன்.

வடிவிடம் போய்ச் சொன்னேன். பெட்டிக்குள் ஸ்வெட்டரை வைத்துக்கொண்டிருந்தாள். "ஆம்பளையா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 5

பகல் வண்டி. ஜங்ஷனில் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள், நல்ல இருக்கையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். எனக்கு இன்னும் பத்து நாள் விடுப்பு இருக்கிறது, நானும் வந்து வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். நேற்றும் கேட்டிருந்தேன், பதில் சொல்லவில்லை. இன்று ஜன்னலுக்கு உள்ளேயிருந்து சொன்னாள்.

"வேண்டாம். மொத கொஞ்ச நாள் நா தனியா இருந்து பாக்கேன். இருவத்தேழு வருசமா நா வாயால சொன்னேன், ஒங்களுக்குக் கேக்கல. எவரோ நம்பர் போட்டு எழுதினதும் கேட்டுட்டு."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், படி இறங்கும்போது கவனம் என்றாள், வண்டி கிளம்பியது.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை எடுத்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். அவள் என்னவெல்லாம் சொன்னாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். கல்யாணமான புதிதில், நிவேதிதா பிறந்தபோது, முதல் பதவி உயர்வு வந்தபோது. சொல்லியிருப்பாள். ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. தருமபுரிக்காரர் எழுதிய இருபத்தெட்டும் எனக்கு மனப்பாடம்.